ராயல்டி பற்றி ஒரு திருத்தம்

"ஒரு சிம்பொனி எழுதினால் போதும், ஆயுசுக்கும் ராயல்டி வரும், கற்பிக்கப் போவது தோற்றவர்கள்தான்" என்று இசையமைப்பாளர்களைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ராயல்டி உண்டுதான். ஆனால் படைப்பை யாராவது மேடையில் வாசித்தால், ஒலிபரப்பினால்தான் வரும். புதிய ஆர்கெஸ்ட்ரா படைப்புகள் பல முதல் அரங்கேற்றத்தோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது முறை வாசிக்க வைப்பதுதான் பெரும்பாடு.

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸையே பாருங்கள். 1976-இல் அவருடைய 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' ஓப்பரா, அதாவது இசை நாடகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓப்பரா அரங்கில் நடந்தது. அதற்குப் பிறகும் டாக்ஸி ஓட்டினார். குழாய் வேலையும் செய்தவர் அவர். 'சத்யாகிரகா' ஓப்பராவை எழுதித்தரச் சொல்லி நெதர்லாந்திலிருந்து அழைப்பு வந்த பிறகுதான், நாற்பது வயதைத் தாண்டி, இசையை மட்டும் நம்பி வாழ முடிந்தது.

அப்படி எழுதக் கேட்டுத் தரும் தொகையும் பல மாத உழைப்புக்கு ஒரு முறை வருவது. ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான முழு இசைப் பிரதி, முடிந்தாலும் வேலை முடியாது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிப் பிரதி, வாசிப்பவர் பக்கம் திருப்ப இடைவெளி பார்த்து, தயாராக வேண்டும். கண் போகும் வேலை அது.

கற்பிப்பதை இழிவாகச் சொன்னதுதான் மனதை வருத்துகிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான் 1978 வரை பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் கற்பித்தார். பின்னாளில் பெரிய இசையமைப்பாளர்களான பூலெஸும் ஸ்டாக்ஹவுசனும் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.