ரெஸ்டனுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டார்கள்

“1971இல் பீஜிங்கில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு வெறும் அக்குபங்சர் ஊசியை வைத்தே குடல்வால் அறுவை செய்தார்கள், மயக்க மருந்தே கிடையாது” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்கவில்லை நண்பரே. அந்த ஆண்டு ஜூலை 26 நியூயார்க் டைம்ஸில் ரெஸ்டனே இதை எழுதியிருக்கிறார். அறுவைக்குப் போட்டது வழக்கமான மரத்துப்போகும் ஊசி. சைலோகெயின், பென்சோகெயின் என்று மருந்தின் பெயர்கூட அதில் இருக்கிறது.

அக்குபங்சர் வந்தது அப்புறம்தான். அறுவை முடிந்து இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோது, வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் மூன்று ஊசிகள் குத்தினார்கள். கூடவே மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே சூடு காட்டினார்கள். எல்லாம் சேர்த்து 20 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் உப்பல் தணிந்ததாகச் சொல்கிறார். (வாயு தானாகவே பிரிந்திருக்கலாம். வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது தெரியும்.)

அறுவைக்குப் பிந்தைய வலிக்கு, மருந்தோடு துணையாக அக்குபங்சர் கொடுக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கத்தி வைக்கும் நேரத்தில் மயக்க மருந்துக்குப் பதில் அது என்பதற்கு ரெஸ்டனைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.