ஒரே 17 சதுர மீட்டர், ஆனால் ஒரே இழுப்பு இல்லை

கைட்சர்ஃபிங்கில், அதாவது பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும்போது நம்மை இழுக்கும் பெரிய பட்டம்தான் கைட். இரண்டு கைட்டிலும் 17 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால் இழுப்பும் ஒன்றுதான், திரும்பும் வேகம் மட்டுமே மாறும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சிலர் அதை நம்பி வாங்கப் போவதாகச் சொல்வதால் எழுதுகிறேன். அது சரியல்ல.

அந்த எண் பொதுவாகத் துணியைத் தட்டையாக விரித்தால் வரும் பரப்பு. பறக்கும்போது கைட் வில்லாக வளைந்து நிற்கும். உச்சி வெயிலில் அதன் நிழல் தரையில் எவ்வளவு இடம் பிடிக்குமோ, ஏறக்குறைய அந்தப் பரப்புதான் நம்மைத் தூக்குகிறது. C எழுத்துபோல் ஆழமாக வளைந்த சி-கைட்டில் அது நன்றாகவே சுருங்கிவிடும்.

அப்புறம், திரும்பும் வேகத்தை இழுப்பிலிருந்து தனியாகப் பிரிக்கவும் முடியாது. லேசான காற்றில் கைட்டை மேலும் கீழுமாக ஓட்டித்தான் இழுப்பு வாங்குகிறோம். கைட்டின் மேல் பாயும் காற்று 20% வேகமானால் விசை 44% கூடும். விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதுதான் காரணம்.

நீங்களே சோதிக்கலாம். இரண்டுக்கும் காற்றடித்துத் தரையில் வையுங்கள். கைட்டின் முன்பக்க ஓரத்தில் காற்று நிரம்பி நிற்கும் முன்விளிம்புக் குழாயை ஒட்டியே நுனியிலிருந்து நுனிவரை டேப்பால் அளங்கள். பிறகு அதே இரு நுனிகளுக்கும் இடையே நேராக அளங்கள். முதல் அளவோடு பார்க்கும்போது இரண்டாவது எதில் அதிகம் குறைகிறதோ, அதுதான் கூடுதலாக வளைந்த கைட். தண்ணீரில் ஒப்பிடுவதானால் ஒரே நீளக் கயிறு, ஒரே பலகை வைத்துக்கொள்ளுங்கள்.