ஜெலெஸ்னியின் 98.48 மீட்டர்: சாதனை செல்லுமா?

“ஈட்டி எறிதலில் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்திருக்கும்போது, செக் வீரர் ஜான் ஜெலெஸ்னியின் 98.48 எப்படி உலக சாதனையாகும்?” என்ற பதிவு சுற்றுகிறது. தொலைவுகள் இரண்டும் சரி, ஒப்பீடுதான் தவறு.

ஹோன் 1984-இல் எறிந்தது பழைய ரக ஈட்டி. ஆண்கள் ஈட்டியின் எடை அன்றும் இன்றும் 800 கிராம்தான். ஆனால் 1986-இல் அதன் ஈர்ப்பு மையம் 4 செ.மீ. முன்னே தள்ளப்பட்டது. முனை சீக்கிரம் கவிழும், தூரம் குறையும். பழைய ஈட்டி பல நேரம் தட்டையாக விழுந்து, செல்லுமா என்ற தகராறைக் கிளப்பும். புதியது முனைகுத்தி இறங்கும். சாதனைப் பட்டியலும் புதிதாகத் தொடங்கியது.

ஜெலெஸ்னிக்குச் சலுகை காட்டினார்களா? 1991-இல் சொரசொரப்பான வால் கொண்ட ஈட்டிகளைத் தடை செய்தபோது, ஜெலெஸ்னியின் 89.66 மீட்டர் சாதனையும் சேர்த்தே ரத்தானது. 98.48 அதற்குப் பிறகு, 1996 மே 25 அன்று ஜெர்மனியின் யேனாவில், இன்றைய விதிப்படியான ஈட்டியால் எறிந்தது.