பட்டைக்குள் குடியிருப்பவர்

பெங்களூரு அல்சூரில் ஒரு மாடி வீடு. திராட்சைக் கொடியின் கிளைகளை வெட்டிவிடும் அக்டோபர் கவாத்து முடிந்திருக்கிறது. கீழே வீட்டுக்காரர் சுந்தரம். மாடியில் வாடகைக்கு இருப்பவர் ராகவன். கொடியின் வேர் கீழே, பந்தல் மேலே.

சுந்தரம்: ராகவன், கவாத்து செய்து இத்தனை நாளாகியும் ஒரு மொட்டுக் கண்கூடத் துளிர்க்கவில்லையே! துணி உலர்த்துகிறேன் பேர்வழி என்று எதையாவது ஒடித்துவிட்டீர்களா?

ராகவன்: நான் ஒடிக்கவில்லை, சார். கண் வீங்கி விரியும் நேரம் பார்த்து, அதன் உள்ளே இருந்ததை வண்டு கடித்துத் தின்றுவிட்டதால் வெறும் கூடுதான் காய்ந்து நிற்கிறது. அந்த வண்டு அரை சென்டிமீட்டர்கூட இருக்காது; செம்பு நிறத்தில் பளபளக்கிறது, முதுகில் ஆறு கரும்புள்ளிகள்.

சுந்தரம்: நாள் முழுவதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் கூரியர்காரர்கூட உள்ளே நுழைய முடியாதே!

ராகவன்: உங்கள் தண்டில் உரிந்து தொங்கும் பட்டைக்குள் ஒளிந்துகொண்டு, அங்கேயே முட்டையும் இட்டு, பொரித்த புழுவை மண்ணுக்கு அனுப்பி வேரைத் தின்ன வைக்கும் குடும்பத்துக்கு வாசல் எதற்கு, சார்?

சுந்தரம்: பத்து மாத அட்வான்ஸ் கொடுக்காமல் என் இடத்தில் குடும்பமே நடத்துகிறதா? நாளைக்கே நல்ல விஷமாக வாங்கி அடித்துவிடுகிறேன்.

ராகவன்: சமையலறை ஜன்னலை ஒட்டிய ஒற்றைக் கொடிக்கு விஷம் எதற்கு? தளர்ந்த பட்டையை உரித்து எரித்துவிட்டு, தூரைச் சுற்றி மண்ணைக் கொத்திவிடுங்கள். பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் அடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் கொடியை உலுக்கினால், வண்டுகள் பொத்தென்று விழுந்து செத்ததுபோல் நடிக்கும். அப்படியே வாரிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம்.

சுந்தரம்: நடிக்குமா? ஒன்றாம் தேதி நான் மாடிப்படி ஏறும்போது உங்கள் வீட்டு விளக்கு அணைகிறதே, அதைப் போலவா?

ராகவன்: அது மின்தடை, சார்.

சுந்தரம்: மாடிக்கு மட்டும் வரும் மின்தடை! போகட்டும், 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பெங்களூர் நீலத் திராட்சை; இந்த ஆண்டு வாயில் வைக்க ஒன்றாவது கிடைக்குமா?

ராகவன்: ஒரே கண்ணுக்குள் துணை மொட்டும் இருப்பதால் கொடி மறுபடி துளிர்க்கும், காய்ப்புதான் குறையலாம்.

சுந்தரம்: குறைவது உங்கள் பங்கில் குறையட்டும். வேர் என்னுடையது.

ராகவன்: வேரைத் தின்னும் புழுவும் உங்களுடையதுதான், நான் உரிமை கோரவில்லை. வேட்டியை நான் கொண்டுவருகிறேன், உலுக்கும் பொறுப்பு உங்களுக்கு. மாதாமாதம் என்னை உலுக்கிப் பழகிய கை, சார்.