குழாய்க்குள் இருக்கும் கெட்டிக்காரத்தனம்

ஸ்பெயினின் பழைய கைத்துப்பாக்கியான அஸ்ட்ரா 400 பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; அதன் குழாய் போன்ற உருவத்தைப் பற்றி நன்றாகச் சொல்கிறது. எனக்கு அதைவிட வியப்பு துப்பாக்கியின் உள்ளமைப்புதான். இது சுடும் 9 மி.மீ. லார்கோ வலுவான தோட்டா. அவ்வளவு வலுவுள்ள தோட்டா என்றால், சுடும் நொடியில் குழலையும் ஸ்லைடையும் (சுட்டதும் பின்னுக்கு நகரும் பகுதி) பூட்டி வைக்க ஓர் அமைப்பு வைப்பதுதான் வழக்கம். இதில் பூட்டே கிடையாது. கனமான ஸ்லைடும், குழலைச் சுற்றிய முரட்டு ஸ்பிரிங்கும் மட்டுமே அந்த விசையைத் தாங்குகின்றன. அதனால்தான் ஸ்லைடைக் கையால் பின்னுக்கு இழுக்க நல்ல பலம் வேண்டும்.

இந்த யோசனை புதிதும் அல்ல. ஸ்பெயினின் முந்தைய காம்போ-கீரோ துப்பாக்கியிலிருந்து வளர்ந்தது இது. அஸ்ட்ரா 400-ஐ ஸ்பெயின் ராணுவம் 1921-இல் ஏற்றுக்கொண்டது.

அப்புறம், கட்டுரையில் விடுபட்ட ஒன்று: ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், பிராங்கோவின் படையை எதிர்த்த குடியரசுத் தரப்பு இந்தத் துப்பாக்கியை நகலெடுத்தது. கட்டலோனியாவின் டெர்ராசாவில் செய்த நகலுக்கு, 1936 ஜூலையில் பார்சலோனாவில் கொல்லப்பட்ட, அரசே கூடாது என்ற கொள்கையுடைய அராஜகவாதி அஸ்காசோவின் பெயரையே வைத்தார்கள். அசல் தயாரான ஊர், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள கெர்னிகா. 1937 ஏப்ரல் 26-இல் குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது, ஆயுதத் தொழிற்சாலையோ தப்பியது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.