பளபளப்பைப் பார்த்துப் பழைய பைக் வாங்காதீர்கள்

புது பெயின்ட், முகம் தெரிகிற குரோம், தங்கக் கோடு போட்ட டேங்க். இதைப் பார்த்ததும் பலர் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எண்ணெய்ப் பிசுக்கும் கொஞ்சம் துருவுமாக, ஆனால் எல்லா பாகங்களோடும் யாரும் நோண்டாமல் நிற்கிற வண்டிதான் நல்ல வண்டி. எங்கே ஒழுகுகிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். புது பெயின்ட் அடித்துவிட்டால் அது தெரியாது.

1959-ல் வந்த போனவில் போன்ற பிரிட்டிஷ் ட்ரையம்ஃப் கம்பெனியின் 650 ட்வின்களையே (650 சிசி, இரட்டை சிலிண்டர்) எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்குள்ளே ஒரு குழாய் இருக்கும், ஸ்லட்ஜ் ட்ராப் என்பார்கள். இந்த இன்ஜின்களில் ஆயிலை வடிகட்ட வெறும் கம்பி வலைதான். அதைத் தாண்டி வரும் கசடு, கிராங்க் சுற்றுகிற வேகத்தில் அந்தக் குழாயின் சுவரில் அப்பிக்கொள்ளும். வருஷக்கணக்கில் இறுகி நிரம்பினால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடம்) ஆயில் போகாது. அப்புறம் கிராங்க் போச்சு. சுத்தம் செய்ய இன்ஜினை முழுக்கப் பிரித்து, கிராங்க்கை வெளியே எடுத்து, அடைப்பு ஸ்குரூவைக் கழற்றியாக வேண்டும். பாலிஷ் போட்டு விற்கிறவர் இவ்வளவு தூரம் போயிருப்பாரா? "ஸ்லட்ஜ் ட்ராப்பை எப்போ திறந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கிறார் என்றால் இன்ஜினைப் பிரிக்கிற செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

நம்பர் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பேப்பரோடு ஒத்துப்போக வேண்டும். நம்பர் அடித்த இடத்தில் அரம் போட்ட தடமோ, எழுத்து ஏற்ற இறக்கமாகவோ இருந்தால் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் ஃபின் பக்கம் கையை நீட்டிப் பாருங்கள். சூடு அடித்தால், ஸ்டார்ட் ஆகாத கதையை மறைக்க ஏற்கெனவே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து கொஞ்ச நேரத்தில் நின்றால் பெரும்பாலும் வால்வு கைடு, அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல், தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கும். ஆனால் தனி ஆயில் டேங்க் உள்ள வண்டி வாரக்கணக்கில் நின்றிருந்தால் ஆயில் பம்பைத் தாண்டிக் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். அதனால் வரும் முதல் புகைக்குப் பயப்பட வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கின் இரு பக்கமும் இருக்கும் சீலைக் கவனியுங்கள். கியர்பாக்ஸ் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு அடர்ந்த புகை வரும், கியர் ஆயிலும் குறையும். மறுபக்க சீல் போனால் காற்று புகுந்து ஐடிலிங் தானாக ஏறும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

வாங்கிய பிறகு இன்ஜினில் கை வைக்காதீர்கள், முதலில் டயர். பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தைய டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். அடுத்து பிரேக் டிரம்மைத் திறந்து லைனிங் ஷூவில் உறுதியாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். காய்ந்த பசை விட்டால் வீல் பூட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். துருப்பிடித்த டேங்க்குக்கு உள்ளே கோட்டிங் ஊற்றுவது எனக்குப் பிடிக்காது. துருவைச் சரியாக எடுக்காமல் ஊற்றினால் உரிந்து வந்து பெட்ரோல் டேப்பை அடைக்கும்.

அடுத்து, திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் பாயிண்ட். அது முழுக்கத் திறக்கும்போது இருக்கும் கேப் நிறைய வண்டிகளில் 0.35 முதல் 0.40 மி.மீ. கேப்பை வைத்த பிறகுதான் டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தைச் சரிசெய்வது. கேப் மாறினால் டைமிங்கும் மாறும். பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமில் துளி கிரீஸ் வைக்காவிட்டால் பாயிண்டின் அடிக்கட்டை தேய்ந்து கேப் குறையும், ஸ்பார்க் தாமதமாகும், இன்ஜின் சூடேறும். கார்புரேட்டர் மேல் பழி போடும் முன் இதைப் பாருங்கள்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது வண்டியின் உடம்போடு இணையும் முனை. பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் பேட்டரி சார்ஜுக்கு ஏசி கரண்டை டிசியாக்கும் ரெக்டிஃபையர் போய்விடும். நட்டுகளும் விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு, மி.மீ. ஸ்பானரை வைத்தால் முனை மழுங்கும்.

வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓடவிடும் வழக்கம் வண்டிக்குக் கெடுதல். அந்தச் சூட்டில் ஆயிலுக்குள் சேரும் நீராவி வெளியேறாது. ஓட்டினால் இருபது நிமிஷமாவது சாலையில் ஓட்டுங்கள். முடியாத மாதங்களில் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்து, டேங்க்கை நிரப்பி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.