பனியன் போடுகிறவன் ஆற்றைப் பற்றிப் பேசலாமா?

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவின் நுரை மிதக்கிறது என்று எழுதினால் போதும், ஒருவர் வந்து கேட்பார்: "நீங்கள் பனியன் போடுவதில்லையா?" அனல்மின் நிலையத்தின் சாம்பலைப் பற்றி எழுதினால், "உங்கள் வீட்டில் மின்விசிறி ஓடவில்லையா?" சாலைக்காகப் புளியமரங்களை வெட்டுவதைப் பற்றி எழுதினால், "அந்தச் சாலையில் நீங்கள் போக மாட்டீர்களா?" கேட்டவருக்கு அது பிரம்மாஸ்திரம். எய்துவிட்டுப் போய்விடுவார், பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கமில்லை.

நான் பனியன் போடுகிறேன். போடுவது மட்டுமா, அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு முதல் இந்தப் பதிவைத் தட்டும் கைப்பேசி வரை எல்லாம் பின்னலாடை போட்ட சோறு. அம்மா பிறந்த ஊரோ நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. அங்கே அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இளநீர் வெட்டினால் உப்புக் கரிக்கும். இரண்டு பக்கத்து உப்பையும் தின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஒரு பக்கத்து உப்பு சற்று அதிகம், அவ்வளவுதான்.

சுற்றுச்சூழல்வாதி என்றதும் நம்மவர்கள் மனத்தில் ஓர் ஆள் வந்து நிற்கிறார். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, வாயில் ஆங்கிலம், வங்கிக் கணக்கில் டாலர். நகரத்தில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு கிராமத்துக்குச் சாலை வேண்டாம் என்பார். சிங்கவால் குரங்குக்காக அழுவார், வேலையில்லாத இளைஞனுக்காக அழ மாட்டார். இந்த ஆளைத் தேடிக்கொண்டு, திருப்பூர்ச் சாயக்கழிவுக்கு எதிராக நடந்த நொய்யல் வழக்கின் கட்டைப் புரட்டினால் ஏமாந்துபோவீர்கள். வழக்குப் போட்டது நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின், அதாவது ஆற்றுப் பாசன நிலம் வைத்திருக்கும் விவசாயிகளின், பாதுகாப்புச் சங்கம். பட்டாவும் சிட்டாவும் வைத்திருந்தவர்கள், தீர்வை கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்தியவர்கள், மஞ்சப்பையில் கேஸ் கட்டைச் சுருட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறியவர்கள். (அந்த மஞ்சப்பையைத்தான் அப்போது பட்டிக்காட்டு அடையாளம் என்று கேலி செய்தோம். 2021இல் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று விழா எடுத்தது.)

அவர்கள் கேட்டது என்ன என்பதைப் புரிந்துகொள்ளச் சாயப்பட்டறைக்குள் ஒரு நிமிடம் போய்வர வேண்டும். பருத்தித் துணியில் சாயம் தானாக ஏறாது. தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். உப்புதான் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறம் என்றால் துணியின் எடையில் பாதிக்கு மேல்கூட உப்புப் போகும். வேலை முடிந்ததும் அதில் ஒரு துளியும் துணியில் தங்காது. அலசும் தண்ணீரோடு முழுவதும் வெளியே வந்துவிடும்.

1990களில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் செய்தது, சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தைப் படியவைத்தது. தண்ணீர் தெளிந்தது. புகைப்படத்தில் நன்றாகவே இருந்தது. பார்த்துவிட்டுப் போன பெரிய மனிதர்கள், "சுத்தமாகத்தானே இருக்கிறது, இவர்கள் ஏன் இன்னும் கத்துகிறார்கள்?" என்றார்கள். உப்பு அப்படியே இருந்தது. குழம்பில் கூடிவிட்ட உப்பை வடிகட்டி எடுக்க முடியுமா? அதற்குச் சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிழிய வேண்டும், மிஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். இரண்டுக்கும் கோடிகளில் பணம் வேண்டும், மின்சாரமும் விறகும் தீனி போட வேண்டும். அந்தச் செலவைப் பட்டறைக் கணக்கில் எழுதாமல் அப்புச்சியின் கிணற்றுக் கணக்கில் எழுதினார்கள். கணக்கு எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன், செலவு எங்கும் காணாமல் போவதில்லை. வேறொருவர் பேரேட்டில் ஏறிக்கொள்ளும்.

ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. கீழே ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்கள் பாசனம் பெறவேண்டும் என்பது திட்டம். மழை குறைந்த ஆறு அது. ஆனால் திருப்பூர் வருடம் முழுவதும் தண்ணீர் அனுப்பிக்கொண்டே இருந்தது. அணையில் சாயக்கழிவு தேங்கியது. தேக்கினால் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் கெட்டன, திறந்துவிட்டால் கீழே இருப்பவர்களின் வயல் கெட்டது. கடைசியில் தங்களுக்காகக் கட்டிய அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டியதாயிற்று. தண்ணீருக்காக விவசாயிகள் போராடாத ஊரே தமிழ்நாட்டில் கிடையாது. தண்ணீர் வேண்டாம் என்று போராடிய ஊர் இதுவாகத்தான் இருக்கும்.

வழக்கு நடந்த வரலாறு நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம்தான் பின்னர் நொய்யல் விவசாயிகளின் இழப்பையும் மதிப்பிட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுக்கும் 6 பைசாவில் தொடங்கி அபராதம் விதித்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலைக்கு வந்துவிட வேண்டும் என்றது. ஆலைகள் மேல்முறையீடு செய்தன. 2009இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்போதும் உப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள்.

அந்த மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்து தங்கியிருந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு பேருந்து நிலையத்தில் நின்றன. துணி சாயம் ஏறி வராததால் கட்டிங் மேசை காலி, தையல் காலி, செக்கிங் காலி. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்குத் துணி வராத வாரம் சம்பளம் இல்லாத வாரம். அவர்களின் கோபம் உண்மையான கோபம். அதைக் கேலி செய்யும் சுற்றுச்சூழல் ஆர்வலர் யாராவது இருந்தால் அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். ஆற்றங்கரையில் சுத்திகரிப்பு இல்லாமல் பட்டறை வைக்க அனுமதித்தவர்கள் மேல் அது போகவில்லை. தெளிந்த தண்ணீரைக் காட்டி ஏமாற்றியவர்கள் மேலும் போகவில்லை. "நாலு விவசாயிகளுக்காக ஊரையே மூடுகிறார்கள்", "போட்டி நாட்டிடம் பணம் வாங்கிவிட்டார்கள்" என்றுதான் டீக்கடைகளில் பேசினார்கள். அத்தனை வருடம் உப்பைக் கொட்டியவர் தொழிலதிபர். கடைசி நாளில் மனுவோடு நின்றவர் ஊரைக் கெடுத்தவர்.

திருப்பூர் அழிந்துவிடும் என்றார்கள். அழிந்ததா? அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வும் ஆவியாக்கியும் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று தண்ணீரில் பெரும்பகுதியும் உப்புக் கரைசலில் ஒரு பகுதியும் மீட்கப்பட்டுத் திரும்பவும் சாயத்தொட்டிக்கே போகின்றன. ஏற்றுமதி ரூபாய்க் கணக்கில் 2011ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டு வாடிக்கையாளர் வரும்போது எங்கள் ஆட்கள் முதலில் பெருமையாகச் சொல்வது இந்தக் கழிவில்லாத் தொழில்நுட்பத்தைத்தான். வழக்குப் போட்டவர்களின் பெயர் அந்த வண்ணக் கையேட்டில் இல்லை. இருக்கவும் இருக்காது.

வெளிநாட்டுக் கை என்ற குற்றச்சாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது ஒரு கட்சியின் சொத்து அல்ல. 2012இல் கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன என்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிவியல் இதழிடம் சொன்னார். 2014இல் வெளியே கசிந்த உளவுத்துறை அறிக்கை, இப்படிப்பட்ட போராட்டங்களால் நாட்டின் வளர்ச்சியில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் போகிறது என்றது. 2023இல் ஆளுநர் ஆர்.என். ரவி, கூடங்குளத்தோடு ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தையும் சேர்த்து அதே பாட்டைப் பாடினார். தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட போராட்டம் அது. ஆலை மாசுபடுத்தியது என்று சொல்லி 2013இலேயே உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்புக்கும் வெளிநாட்டுப் பணமா? கூடங்குளத்துக்குப் பக்கத்து இடிந்தகரை மீனவப் பெண்கள் ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பயந்தார்கள். 2004இல் சுனாமியை நேரில் பார்த்தவர்கள் பயப்பட டாலர் தேவையா? அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு இன்றுவரை முடிவான கருத்து கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் மேல் தேசத் துரோக வழக்குப் போட்டது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலையை இயக்கலாம் என்று 2013இல் சொன்ன உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மேலுள்ள குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது.

திருப்பூரில் வெளிநாட்டுக் கை இருக்கிறது, மறுக்கவில்லை. ஊசி வெளிநாடு, எந்திரம் வெளிநாடு, ஆர்டர் வெளிநாடு. இன்று சாயக்கழிவு எங்கே போகிறது என்று தாள் கேட்டு நிற்பவரும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கையாளர்தான். அவருக்கு எங்கள் முதலாளிகள் இளநீர் கொடுத்து வரவேற்கிறார்கள். அதே கேள்வியைச் சென்னிமலைப் பக்கத்து விவசாயி கேட்டால் கைக்கூலி.

இனி என் தரப்பு ஆட்களிடமும் ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல் இயக்கத்தின் மேல் ஜனங்களுக்கு வந்த அவநம்பிக்கை முழுவதும் யாரோ கிளப்பிவிட்டது அல்ல. தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வருகிறது என்றபோது வாட்ஸ்அப்பில் என்னவெல்லாம் ஓடியது? நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், ஊரே புற்றுநோயில் போகும் என்றார்கள். நியூட்ரினோக்கள் சூரியனிலிருந்து கிளம்பிக் கோடி கோடியாக ஒவ்வொரு நொடியும் நம் உடம்பைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன, ஒன்றும் செய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுரங்கம் குடைய வைக்கும் வெடி, வெட்டியெடுக்கும் பாறையைக் கொட்டும் இடம், பக்கத்திலிருக்கும் மதிகெட்டான் சோலைக் காடு என்று கேட்க வேண்டிய நியாயமான கேள்விகள் இருந்தன. பொய்யான பயம் அவற்றை மூடிவிட்டது. சீமைக் கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் துரத்துகிறது என்று பரவியதும் இந்த ரகம்தான். ராமநாதபுரத்தில் அதை வெட்டிக் கரி சுட்டுப் பிழைப்பவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய சேதம் 2019 ஜனவரி 1 முதல் வந்த பிளாஸ்டிக் தடையில் நடந்தது. தடை சரியானதுதான். ஆனால் முதல் நாளிலிருந்து யார் கடைக்கு முன்னால் ஜீப் நின்றது? பூ விற்கும் அம்மாவின் கூடைக்கு முன்னால். இட்லிக் கடையில் சட்னி கட்டும் கவருக்கு முன்னால். கம்பெனியிலிருந்து பளபளவென்று வரும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் பிஸ்கட் உறைக்கும் அப்போது விலக்கு இருந்தது. பூக்கார அம்மாவைப் பொறுத்தவரை சுற்றுச்சூழல் என்பது அபராத ரசீது கிழிக்கும் ஓர் அதிகாரி. அவரிடம் போய் புவி வெப்பமாதல் பற்றிப் பேசினால் எழுந்து போகத்தான் செய்வார். நான் அவராக இருந்தாலும் எழுந்து போயிருப்பேன். ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ஜூன் 5க்கு அதே குழியில் வேறு கன்று நடுகிற பெரிய மனிதர்களையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே சந்தேகப்படுங்கள். தாராளமாக. ஆர்வலர் சொல்லும் எண்ணைச் சந்தேகப்படுங்கள், ஆலை காட்டும் ஆய்வக அறிக்கையையும் அதே கண்ணால் பாருங்கள். மாதிரி எங்கே எடுத்தது, மழை நாளிலா வெயில் நாளிலா, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். பேசுகிறவர் செருப்பு தோலா ரப்பரா என்று குனிந்து பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புச்சி கடைசிவரை பனியன்தான் போட்டிருந்தார். பனியனே வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உப்பை உபயோகித்தவன் உப்பை வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னார்.

திருப்பூரிலும் கதை முடிந்துவிடவில்லை. ஆவியாக்கியில் கடைசியாக மிஞ்சும் கலவை உப்பு ஒன்று இருக்கிறது. அதைத் திரும்பச் சாயத்துக்குப் போட முடியாது, விற்கவும் முடியாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழை பிடித்துவிட்டால் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் பட்டறைகளும் இருக்கின்றன. நொய்யலில் அன்று நுரை பொங்கும். கீழே கருத்து எழுத வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் பனியன் போடுவதும் கைப்பேசி வைத்திருப்பதும் மேலேயே எழுதியிருக்கிறேன், அதைத் திரும்பக் கேட்க வேண்டாம். அந்தக் கலவை உப்பை என்ன செய்யலாம் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். சாயத்தொழிலில் இருப்பவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. பெயர் போட விருப்பமில்லை என்றால் உள்பெட்டிக்கு வாருங்கள்.